இடது பக்கம் தியாவுக்கு, வலது பக்கம் ஆதவுக்கு

இந்த நாட்டில் கார்களை ஹாரன் வைத்துத்தான் விற்கிறார்களா என்று வந்த புதிதில் என் மகன் பிரபுவிடம் கேட்டேன். சிரித்தான். நான் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை. ஆடி மாதக் குளிரில் மெல்பர்னில் வந்து இறங்கியதிலிருந்து என் காதில் விழுந்த ஹாரன் ஒலிகள் மொத்தம் நான்கு. பச்சை விளக்கு விழுந்த பிறகும் போனைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணிக்கு ஒன்று. பின்னால் பார்க்காமல் சாலையில் இறங்கிய ஒரு குப்பை வண்டிக்கு ஒன்று. மீதி இரண்டும் எதற்கென்று தெரியவில்லை, நான் சன்னலுக்குப் போவதற்குள் வண்டிகள் போய்விட்டன. நெய்வேலியில் ஆர்ச் கேட்டில் நுழைந்து மெயின் பஜார் போய்ச் சேர்வதற்குள் இதைப்போல் பத்து மடங்கு கேட்டிருப்பேன். அங்கே ஹாரன் என்பது திட்டுவதற்கு மட்டும் இல்லை. வருகிறேன், போகிறேன், வளைவில் இருக்கிறேன், சாப்பிட்டாயா என்பது வரைக்கும் அதில் சொல்லலாம். இங்கே அடித்தால் ஒரே பொருள்தான்: நீ தப்பு செய்துவிட்டாய்.

அதே அமைதி இங்கே காருக்குள்ளும் இருக்கிறது. என் பேரன் ஆதவுக்கு ஒன்பது வயது, பேத்தி தியாவுக்கு ஏழு. காரில் ஏறி பெல்ட் மாட்டியதும் ஆளுக்கொரு டேப்லட்டைக் கையில் எடுத்துக்கொள்வார்கள், காதுகளையும் மூடிக்கொள்வார்கள். இறங்கச் சொல்லும்போதுதான் தலை நிமிரும். கடலுக்குப் போனாலும் மலைக்குப் போனாலும் வழி என்று ஒன்று அவர்களுக்கு இல்லை. ஏறிய இடம் இருக்கிறது, இறங்கிய இடம் இருக்கிறது. ஊரில் இருந்து இதைப் படிப்பவர்கள், அங்கேயும் இப்போது அப்படித்தான் என்பீர்கள். இருக்கலாம். பிள்ளைகளின் வீடுகளுக்கு விருந்தாளிகளாக வந்து, காரின் பின்சீட்டில் ஏற்றி இறக்கப்படும் என் வயதுக்காரர்களுக்கு நான் சொல்வது புரியும். பேசுவதற்கு ஆள் பக்கத்திலேயே இருப்பான், அவன் காது மட்டும் இருக்காது.

எங்கள் வரவு ஆறு மாதத்துக்கு. தை பிறப்பதற்குள் நானும் என் மனைவி சரோஜாவும் ஊர் திரும்ப வேண்டும் என்பது புறப்படும்போதே நான் போட்ட நிபந்தனை. தைப்பூசத்தன்று என்னோடு சுரங்கத்தின் சர்வே பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் எல்லோரும் நெய்வேலியை ஒட்டிய வடக்குத்து கிராமத்தில் என் வீட்டு வாசலில் கூடி, அங்கிருந்து வடலூருக்கு நடந்து போவோம். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அந்த வீட்டைக் கட்டி வந்த வருடத்திலிருந்து இது நடக்கிறது. வருடத்துக்கு ஒரு ஆள் குறைகிறது. இப்போது ஏழு பேர் இருக்கிறோம். நானும் போகாவிட்டால் ஆறு. "தைப்பூசத்துக்கு நான் அங்க இருக்கணும்" என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிக்கொண்டிருந்தேன். "சரிப்பா" என்பான் பிரபு. "சரிங்க" என்பாள் சரோஜா. இரண்டும் ஒரே சமயத்தில் வரும். எவ்வளவு ஒற்றுமை என்று நினைத்துக்கொள்வேன்.

நடுவில் ஒரு நாள் வடக்குத்து வீட்டு மாடியில் குடியிருக்கும் முருகவேல் போன் செய்தான். மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவன். மோட்டார் ஓடுகிறதா, மாமரத்தில் அணில் தொல்லை எப்படி என்று நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவன் வேறொன்றைக் கேட்டான்.

"சார், கீழ்வூட்டையும் எங்களுக்கே வுட்றதா அம்மா சொன்னாங்களே. பொங்கலுக்கு முன்னாடியே சாமான எறக்கிக்கட்டுமா?"

"எந்த அம்மா?"

"ஒங்க வூட்டு அம்மாதான் சார். சரி சார், ஷிப்டுக்கு நேரமாவுது, அப்பறம் பேசறங்க."

சரோஜாவிடம் கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலை நிமிராமல், "அவன் கெடக்கறான். ஒரு ரூம்ல சாமான் போட்டுக்கறேன்னான், போட்டுக்கோன்னேன்" என்றாள். நான் விட்டுவிட்டேன். நாற்பத்து மூன்று வருடம் என்னோடு குடித்தனம் செய்தவள் ஒரு அறை என்றால் ஒரு அறைதான்.

வசந்தகாலப் பள்ளி விடுமுறை வந்தது. மருமகள் சுதா மருத்துவமனையில் நர்ஸ். விடுமுறை முடியும் வரை டேப்லட்டைத் தொடக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு ட்யூட்டிக்குப் போய்விட்டாள். பிரபு எங்களைக் கிழக்கே இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் ஒரு பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தைப் பார்க்க அழைத்துப்போவதாக இருந்தான். நெய்வேலியில் இருப்பதைப் போன்ற அதே கரி. நான் வந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த ஒரே பயணம் அதுதான். முந்தின நாள் மாலை என் அறைக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"அப்பா, டேப்லட் இல்லாம இதுங்களை ரெண்டு மணி நேரம் எப்படிக் கார்ல வச்சுக்கறதுன்னே தெரியல. எங்களுக்கு ஒரு விளையாட்டு வைப்பீங்களே, பக்கக் கணக்கு. அதை இவங்களுக்கும் வைங்களேன்."

அவனுக்கு அது ஞாபகம் இருக்கிறது. வந்ததிலிருந்து இந்த வீட்டில் என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. கேட்ட முதல் உதவி, நான் உருவாக்கியதையே கேட்டதாக இருந்தது.

பக்கக் கணக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் சுரங்கத்தில் சர்வே பிரிவில் இருந்தவன். கரிக்கு மேலே கிடக்கும் மண்ணை எவ்வளவு எடுத்தார்கள் என்று அளந்து சொல்வது எங்கள் வேலை. ஒரு அளவை இரண்டு தடவை எடுப்போம். ஒத்துவராவிட்டால் மூன்றாவது தடவையும் எடுப்போம். அதில் கோபத்துக்கோ வெட்கத்துக்கோ இடமில்லை. வருடத்துக்கு ஒரு தடவை, சில வருடம் இரண்டு தடவை, குடும்பத்தோடு வெளியூர் போவோம். மேல்பட்டாம்பாக்கத்து லத்தீப் பாயின் அம்பாசிடர்தான் எப்போதும். முன்சீட்டில் பாய்க்குப் பக்கத்தில் நான். பின்சீட்டில் நடுவில் சரோஜா, அவளுக்கு இந்தப் பக்கம் பிரபு, அந்தப் பக்கம் அவன் தங்கை கவிதா. டவுன்ஷிப்பின் நேரான சாலைகளில் வளர்ந்த பிள்ளைகள். ஆர்ச் கேட்டைத் தாண்டியதும் ஆரம்பித்துவிடுவார்கள், இன்னும் எவ்வளவு தூரம், அவள் கிள்ளுகிறாள், அவன் காலை நீட்டுகிறான் என்று. பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கள் பிள்ளைகளை அடக்க முறுக்கு டப்பாவும் மிரட்டலும் வைத்திருந்தார்கள். நான் ஒரு விளையாட்டைச் செய்தேன். சாலையின் இடது பக்கம் ஒருவருக்கு, வலது பக்கம் ஒருவருக்கு. என்ன எண்ண வேண்டும் என்பதை நான் சொல்வேன்: பனைமரம், முந்திரித் தோப்பு, ஓட்டு வீடு, எருமை. ஊர் போய்ச் சேர்ந்ததும் இருவரும் கணக்கைச் சொல்ல வேண்டும். அதிகம் எண்ணியவர் அடுத்த பயணம் எங்கே என்று முடிவு செய்யலாம். தீர்ப்பு என்னுடையது.

ஒரு தடவை, அது சித்திரை வெயில், செஞ்சிக் கோட்டைக்குப் புறப்பட்டோம். முத்தாண்டிக்குப்பத்தைத் தாண்டி பண்ருட்டி வரைக்கும் சாலையின் இரண்டு பக்கமும் பலாப்பழம் குவித்து வைத்திருந்தார்கள். பலாப்பழத்தை எண்ணுங்கள் என்றேன். பண்ருட்டியில் டீ குடிக்க நிறுத்தியபோது பிரபு இருபத்திரண்டு என்றான், கவிதா முந்நூற்றுப் பதினொன்று என்றாள். பிறகுதான் தெரிந்தது, அவன் குவியலை எண்ணியிருக்கிறான், அவள் பழத்தை எண்ணியிருக்கிறாள். அலகு வேறானால் ஒப்பிட முடியாது. வண்டியைத் திருப்பச் சொன்னேன். பாய் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுத் திருப்பினார். முத்தாண்டிக்குப்பம் வரை போய், குவியலுக்கு ஒன்று என்று விதி சொல்லி, மறுபடி எண்ணிக்கொண்டு வந்தோம். அதற்குள் சில குவியல்கள் விற்றுப் போயிருந்தன, வண்டியில் வந்த புதிய பழங்களை வேறிடத்தில் இறக்கியிருந்தார்கள், பிள்ளைகள் அதற்குச் சண்டை போட்டார்கள். இன்னொரு தடவை திரும்பினோம். செஞ்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் இறங்கிவிட்டது. கோட்டை வாசலில் காவல்காரர் சங்கிலியைப் பூட்டிக்கொண்டிருந்தார். கம்பிக்கு வெளியே நின்று மலையைப் பார்த்துவிட்டு வந்தோம். இன்றைக்கும் சொல்கிறேன், கோட்டை அங்கேயேதான் இருக்கும். அன்றைய கணக்கை அன்றைக்குத்தான் எடுக்க முடியும்.

அதற்குப் பிறகு அப்படி எதுவும் நடக்கவில்லை. பயணங்கள் அருமையாகப் போயின. பிச்சாவரத்துக்குப் போனபோது கவிதா ஜெயித்தாள், திருவண்ணாமலைக்குப் போனபோது பிரபு, ஏற்காட்டுக்குப் போனபோது மறுபடி கவிதா. ஒன்று விட்டு ஒன்று. வித்தியாசமும் இரண்டு மூன்றுக்கு மேல் போகாது. நான் தீர்ப்பைச் சொன்னதும் பின்சீட்டிலிருந்து மூன்று குரல்களும் சேர்ந்து "சரி" என்னும். இதை எங்கள் பிரிவில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். சாலையின் இரு பக்கமும் கடைசியில் சமமாகத்தான் வரும், நியாயமான விளையாட்டு நியாயமான முடிவைத்தான் கொடுக்கும் என்று. ஒரே ஒரு விஷயம்தான் எனக்குப் புரியாமல் இருந்தது. ஆளோ மாடோ இல்லாத வெட்டவெளியில் பாய் திடீரென்று இரண்டு தடவை ஹாரன் அடிப்பார்.

"எதுக்கு பாய் ஹாரன்?"

"பூனை சார். குறுக்கால பூந்துச்சு. நீங்க அந்தாண்ட பாத்துகினு இருந்தீங்க."

அடுத்த பயணத்திலும் பூனை. அதற்கடுத்ததிலும்.

சுரங்கத்துக்குப் புறப்பட்ட நாள் வெயில் நன்றாக இருந்தது. வண்டி ஓடினால் சரோஜாவுக்குத் தலை சுற்றும் என்று அவளை முன்சீட்டில் உட்கார வைத்தார்கள். பிரபு ஓட்டினான். பின்னால் இரண்டு சன்னலோரமும் பிள்ளைகளின் உயர்த்திய இருக்கைகள், நடுவில் நான். முன்பு சரோஜா உட்கார்ந்த இடம். அங்கே உட்கார்ந்தால் எந்தச் சன்னலும் நம்முடையது இல்லை. முன்சீட்டுகளுக்கு நடுவே தெரியும் சாலைத் துண்டு மட்டும்தான். இடது பக்கம் தியாவுக்கு, வலது பக்கம் ஆதவுக்கு என்று அறிவித்தேன். விதிகளைச் சொன்னேன். என்னை நடுவர் என்று பிரபு ஆங்கிலத்தில் விளக்கினான். இருவரும் ஆர்வமாகத் தலையாட்டினார்கள்.

ஆனால் இந்த நாட்டுச் சாலை எண்ணுவதற்குப் போடப்பட்டதில்லை. நகரத்தை விட்டு வெளியேறும் வரை இரண்டு பக்கமும் வீடுகளுக்குச் சத்தம் போகாமல் இருக்க உயரமான சுவர்கள். சுவர் முடிந்தால் நூற்றுப் பத்து கிலோமீட்டர் வேகம். பாயின் அம்பாசிடர் நாற்பதைத் தாண்டினால் கதவு பேசும். அந்த வேகத்தில் ஒரு பனைமரம் வரும், நிற்கும், போகும். இங்கே ஒரு மாட்டைப் பார்த்து மாடு என்று சொல்வதற்குள் அது பின்கண்ணாடியில் இருக்கிறது. எதை எண்ணச் சொல்வது என்று யோசித்து, மேய்ச்சல் நிலங்களில் கோட்டு போட்டுக்கொண்டு நின்ற குதிரைகளைச் சொன்னேன். குளிருக்காக அவற்றுக்குத் துணியில் உடுப்பு மாட்டியிருந்தார்கள். தியா மூக்கைச் சன்னலில் ஒட்டிக்கொண்டு எண்ணினாள். ஆதவ் விரல்களை மடக்கி எண்ணினான். டேப்லட் ஞாபகம் ஒருவருக்கும் வரவில்லை. முக்கால் மணி நேரம் நான் மிகுந்த சந்தோஷமாக இருந்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

பாதி வழியில் கணக்கைக் கேட்டேன். ஆதவ் பன்னிரண்டு என்றான். தியா முப்பத்தொன்று என்றாள்.

"பொய்! அவ சைட்ல பாதி தூரம் சுவர்தான் இருந்துச்சு. ஷீ இஸ் சீட்டிங், தாத்தா!"

"நோ! ஐ ஸா தெம்! குட்டிக் குதிரையும் கோட்டு போட்டிருந்துச்சு!"

அலகுச் சிக்கல்தான் என்று எனக்குப் பட்டது. பொம்மைக் குதிரையையோ கோட்டில்லாத குதிரையையோ சேர்த்திருப்பாள். முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து, "பிரபு, கொஞ்சம் ஓரமா..." என்றேன்.

பிரபு ஹாரனை இரண்டு தடவை அடித்தான். முன்னால் வெகுதூரத்தில் ஏணியும் குழாய்களும் கட்டிக்கொண்டு போன ஒரு வண்டியைத் தவிர சாலையில் எதுவும் இல்லை. சரோஜா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கியது.

"எதுக்குடா ஹாரன்?"

"பூனைப்பா," என்றான் பிரபு. சரோஜாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"போதும்டா, வுடுடா. பாவம்."

"வாட் பூனை? வேர்?" என்று பிள்ளைகள் எம்பினார்கள். பிரபு கண்ணாடியில் அவர்களைப் பார்த்துக்கொண்டே கதையைச் சொன்னான். அலுவலகத்தில், நண்பர்கள் வீட்டு விருந்துகளில் அவன் இதைப் பல தடவை சொல்லியிருக்க வேண்டும். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருந்தது.

"செஞ்சிக்குப் போய் கேட்டை மட்டும் பாத்துட்டு வந்தோம்ல, அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் உங்க ஆயா என்னையும் அத்தையையும் கிச்சன்ல உக்கார வச்சு அக்ரிமென்ட் போட்டாங்க. இனிமே ஒரு ட்ரிப் நீ ஜெயி, அடுத்த ட்ரிப் அவ ஜெயிக்கட்டும். அப்பா முன்னாடி சண்டை மட்டும் வேணாம். சண்டை போட்டா வண்டி திரும்பிடும்."

"அப்ப நம்பரு?" என்று கேட்டேன்.

"வாய்க்கு வந்ததுதாம்பா. கவிதா நல்லாத் தூங்கி எழுந்து நாப்பத்தாறும்பா. நான் நாப்பத்தொம்பதும்பேன்."

"பாய்?"

"அவருதான் மெயின். நீங்க இப்படி முன்னாடி சாயறது பக்கத்துல இருக்கற அவருக்குத்தானே தெரியும். சாஞ்சீங்கன்னா ரெண்டு ஹாரன். ஒடனே ஒத்துக்கணும்னு அர்த்தம். ஹாரன் அடிக்க முடியாத எடத்துல அம்மா சீட்ல ரெண்டு தட்டுத் தட்டுவாங்க."

"வேற என்னங்க பண்றது?" என்றாள் சரோஜா, திரும்பிப் பார்க்காமல். "புள்ளைங்க ஒரு கடலு, ஒரு மலையாவது பாக்க வேணாமா?"

பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல கதை கிடைத்ததில்லை. தியா என் கையைப் பிடித்து, "தாத்தா, யூ டிட்ன்ட் நோ? எப்பவுமே?" என்றாள். பாயின் அம்பாசிடரில் ஐந்து பேர் போனோம். நான்கு பேருக்குத் தெரிந்திருக்கிறது. வாடகைக்கு வந்த மனிதருக்கும் தெரிந்திருக்கிறது. அவர் காலமாகிப் பல வருடம் ஆகிறது, அவரிடம் இனிக் கேட்கவும் முடியாது. பிச்சாவரத்துப் பனைமரங்கள், ஏற்காட்டுச் சாலையின் ஓட்டு வீடுகள், நான் மனப்பாடமாக வைத்திருந்த ஒவ்வொரு எண்ணும் தூங்கி எழுந்த ஒரு பெண் குழந்தையின் வாயில் வந்தது. அந்தச் சாலைகளில் இருந்த பூனைகள்கூட இல்லாமல் போய்விட்டன.

வழியில் பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினோம். ஏணியும் குழாயும் கட்டிய அந்த வண்டி அங்கே நின்றது. அதன் ஓட்டுநர், அரைக்கால் சட்டையும் கனமான பூட்சும் போட்ட ஒரு பெரிய ஆள், நேராக என்னிடம் வந்தார். தன் வண்டியிலிருந்து ஏதாவது விழப்போவதைப் பார்த்து ஹாரன் அடித்தீர்களா என்று கேட்டார். இல்லை, அது ஒரு பழைய குடும்ப சிக்னல், எண்ணிக்கை தொடர்பானது, பல வருடங்களாக எனக்குத் தெரியாமல் நடந்தது என்று நல்ல ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "நோ வொரீஸ், மேட்" என்றார். பிறகு தன் வண்டிக்குப் போய்க் கயிற்றை எல்லாம் ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டார். என் வாழ்க்கையிலேயே என் பேச்சைக் கேட்டு ஒரு அளவை மறுபடி சரிபார்த்த கடைசி மனிதர் அவராகத்தான் இருப்பார்.

சுரங்கம் மூடியிருந்தது. அன்றைக்கு விடுமுறை என்று நினைத்தேன். இல்லை, மூடிச் சில வருடங்கள் ஆகின்றன என்று பிரபு சொன்னான். உனக்குத் தெரியுமா என்றேன். தெரியும், நீங்க ஆசைப்பட்டீங்கன்னுதான் என்றான். கம்பி வேலிக்குப் பின்னால் நின்று பார்த்தோம். படிகளைப் போல் வெட்டிய சரிவுகளில் புல் முளைத்திருந்தது. அடியில் தண்ணீர் நின்றது. நான்கு மாடி உயரச் சக்கரம் மண்ணை வாரிக்கொண்டே சுற்றும் என்று பிள்ளைகளிடம் ஒரு வாரமாகச் சொல்லி வைத்திருந்தேன். "வீல் எங்க தாத்தா?" என்றான் ஆதவ். கழற்றிக் கொண்டுபோய்விட்டார்கள் என்றேன். "அது இருந்துச்சுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டான். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அந்தக் கேள்வியை அவன் கேட்டிருக்க மாட்டான். இங்கே உச்சிப் பொழுது. நெய்வேலியில் முதல் ஷிப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு பேருந்துகள் போய்விட்டிருக்கும். அங்கே சக்கரம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அதன் இரைச்சலைக் கேட்டுக்கொண்டே முப்பத்தைந்து வருடம் தூங்கியவன் நான். எனக்கு அதற்குச் சாட்சி வேண்டியதில்லை.

திரும்பி வரும்போது குதிரைகளை யாரும் எண்ணவில்லை. கொண்டுவந்த புளிச்சோற்றைச் சாப்பிட்ட களைப்பில் எல்லோரும் சீட்டில் சாய்ந்திருந்தார்கள். ஆதவ்தான் பேச்சை ஆரம்பித்தான். இன்றைக்கு யாருமே ஜெயிக்கவில்லை, அதனால் அடுத்த ஊரைத் தானும் தியாவும் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்களாம். ஈஸ்டர் விடுமுறையில் கடற்கரை.

"தாத்தா, நீங்கதான் மறுபடியும் ஜட்ஜ்."

"ஈஸ்டருக்கு நான் ஏதுடா இங்க? தைப்பூசத்துக்கே வடலூர் போயிடுவேன்."

நடு இடத்தில் உட்கார்ந்திருந்ததால் எனக்கு அது தெரிந்தது. இரண்டு முன்சீட்டுகளுக்கும் இடையே இருக்கும், கை வைத்துக்கொள்ளும் பெட்டியின் மேல் சரோஜாவின் வலது கை கிடந்தது. வளையல் நகர்ந்தது. இரண்டு விரல்கள் பெட்டியின் மூடியில் இரண்டு தடவை தட்டின. மெதுவாக, பழகிய கை தட்டுவதைப்போல. அத்தனை வருடமும் நான் முன்சீட்டில் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டு போனேன். என் முதுகுக்குப் பின்னால் இது எப்படி நடந்திருக்கும் என்பதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

"சரிப்பா," என்றான் பிரபு.

"சரிங்க," என்றாள் சரோஜா.

இரண்டு பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். "சரி தாத்தா," என்றார்கள். நான்கு குரல்கள்.

கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டேன்.

"சரோஜா, முருகவேலுக்கு எத்தனை ரூம் குடுத்தே?"

அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சரோஜா."

"அப்பறம் பேசிக்கலாங்க. புள்ளைங்க இருக்காங்க."

"அப்பா," என்றான் பிரபு. கண்ணாடியில் அவன் கண்கள் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுச் சாலைக்குப் போயின. "அங்க ஒரு நாள் நீங்க பாத்ரூம்ல விழுந்தா தூக்கறதுக்கு யாரு இருக்கா? அம்மாவால முடியுமா? கவிதாவும் நானும் இதைப் பத்தி ரொம்ப நாளா பேசிட்டோம். உங்க ரெண்டு பேருக்கும் இங்கயே பர்மனென்ட்டா ஏற்பாடு பண்ணிக்கிட்டு இருக்கேன். சமயம் பாத்துச் சொல்லலாம்னு இருந்தோம். சொன்னா நீங்க..."

அவன் முடிக்கவில்லை. நான் முடித்துக்கொண்டேன். சொன்னால் நான் வண்டியைத் திருப்பச் சொல்வேன். எங்கள் டவுன்ஷிப்பில் பர்மனென்ட் என்ற சொல்லுக்காக ஆட்கள் வாழ்நாள் முழுக்கக் காத்திருப்பார்கள். முருகவேலின் அப்பா காத்திருந்தார், முருகவேல் காத்திருக்கிறான். எனக்கு அது நான் கேட்காமலே, ஒரு சமையலறையில் வைத்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. கவிதாவுக்கும் தெரிந்திருக்கிறது. வாரம் தவறாமல் பெங்களூரிலிருந்து பேசுகிறவள், தைக்கு ஏர்போர்ட்டுக்கு வந்து அழைத்துப்போகிறேன் என்று சொன்னவள். அவர்கள் சொல்லும் காரணம் நியாயமானதுதான். செஞ்சிக்குப் பிறகு அவர்கள் சொல்லிக்கொண்ட காரணமும் நியாயமானதுதான். என்னிடம் கேட்டிருந்தால் ஒருவேளை நானே இங்கே இருக்கிறேன் என்று சொல்லியிருப்பேன். கேட்கப்பட வேண்டியவன் என்ற இடத்தில் யாரும் என்னை வைக்கவில்லை.

"பிரபு, வண்டியைத் திருப்பு."

"எதுக்குப்பா?"

"மறுபடியும் எண்ணணும்."

யாரும் சிரிக்கவில்லை.

"இது ஃப்ரீவேப்பா," என்றான் பிரபு, மிகவும் மெதுவாக. "நடுவுல திருப்ப முடியாது. எக்சிட் வந்தாத்தான்."

எக்சிட் வந்தது. பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து, சாய்ந்த ஒரு அம்புக்குறி. பிரிந்து போகும் சாலை ஒன்று கொஞ்ச தூரம் எங்களோடு கூடவே வந்து, பிறகு ஒதுங்கி மேடேறியது. பிரபுவின் கை இன்டிகேட்டர் பக்கம் போகவில்லை. சரோஜா முன்னால் பார்த்தபடியே இருந்தாள். அடுத்த எக்சிட்டும் வந்தது.

இந்த நாட்டில் எக்சிட்கள் எல்லாம் இடது பக்கமே பிரிகின்றன. விதிப்படி அவை தியாவின் கணக்கு. அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நடுவில் உட்கார்ந்திருப்பவனுக்குப் பக்கம் கிடையாது. இருந்தாலும் எண்ணினேன்.